சந்தனப் பொட்டு வெச்ச பாலிசி

— இங்க பாரு நர்மதா, கண்ணாடி போட்டுட்டும் பாத்துட்டேன், கழட்டீட்டும் பாத்துட்டேன். பன்னெண்டாயிரத்து அறநூத்தி நாப்பதேதான்!

— சத்தம் போடாதீங்க. அடுப்புல பால் இருக்குது.

— பால் பொங்குனா தொடச்சுக்கலாம். இத என்ன பண்றது? போன வருசம் காருக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு குடுத்தேன்?

— எட்டாயிரமுங்க.

— அதுக்கு முந்துன வருசம்?

— அதும் எட்டாயிரந்தானுங்க.

— அஞ்சு வருசமா எட்டாயிரம். இப்ப ஒரே தாவாத் தாவிட்டான். வண்டி பழசாகப் பழசாக கொறையோணுமா, ஏறோணுமா? எங்கியாச்சும் இடிச்சமா, முட்டுனமா? ஒரு கீறல் கெடையாது!

— வெலவாசி அப்புடிங்க. புண்ணாக்கு மூட்டை என்ன வெலைன்னு உங்களுக்கே...

— புண்ணாக்க உடு. இத்தன வருசம் கம்பெனிக்காரன் எனக்கு நேரா ஒரு மெசேஜ் அனுப்புனதில்ல. எல்லாம் உன்ற தம்பி கைல வந்து, உன்ற கைல வந்து, அப்பறம் என்ற கைக்கு. போன மாசம் அட்சயா ஈ-சேவைக் கடைக்குப் போயி ஆர்.சி.ல என்ற போன் நம்பரச் சேத்துனனா... டக்குனு வந்து குதிக்குது.

— அந்த நம்பர எதுக்குங்க சேத்தப் போனீங்க?

— ரோட்டுக் கேமராக்காரன் பைன் அடிச்சா எனக்குத் தெரியோணுமல்ல? ...ஏன், சேத்துனா உனக்கென்ன?

— எனக்கென்னுங்க. காப்பி ஆறுது, குடிங்க.

— குடிக்கிறேன், குடிக்கிறேன். நானென்ன இளிச்சவாயனா, கேட்ட காசக் குடுத்துட்டுப் போக? காலைலயே பொள்ளாச்சி ஏஜெண்ட்டு சிவப்பிரகாசுக்குப் போன் போட்டுட்டேன்.

— அதுக்குள்ளயா?

— பன்னெண்டாயிரத்து எரநூறுங்கறான். பாலக்காட்டுல ஒருத்தன் பன்னெண்டு தொள்ளாயிரம். நம்ம யோகப்பிரியா கோயமுத்தூர்ல இருந்துட்டே போன்ல நாலு கம்பெனி பாத்துட்டா. ‘அப்பா, எல்லாமே பன்னெண்டச் சுத்தித்தான் நிக்குது’ங்கறா. எல்லாருஞ் சேந்து பேசி வெச்சுட்ட மாதிரி!

— அப்பறம் என்னுங்க, அதான் எல்லா எடத்துலயும் ஒரே வெலையாச்சே. பேசாம பிரதீப்புகிட்டவே போட்டுரலாம். நாளைக்கு ராத்திரியோட முடியுதல்லங்க?

— உன்ற தம்பி பேர எடுத்துட்டயா! நானும் பாத்துட்டே இருக்கறேன், எப்ப எடுப்பியோன்னு.

— தம்பி பேரத் தம்பி பேராத்தானுங்க சொல்லோணும்.

— நான் என்ன சொல்லியிருக்கறேன்? எவனாச்சும் நூறு ரூவா கொறைச்சுக் குடுத்தாலும் அன்னைக்கே உன்ற தம்பியக் கழட்டி உட்ருவேன்னு சொல்லியிருக்கறனா இல்லியா?

— சொல்லியிருக்கீங்க. வருசா வருசம் ஐப்பசி பொறந்தா சொல்லீருவீங்க.

— அப்பறம்? சித்தூர் ஜோபி பதினொண்ணு தொள்ளாயிரத்துக்கு வர்றேங்கறான். எழுநூத்திச் சில்லறை கொறையுது. உன்ற தம்பி கணக்கு இத்தோட முடிஞ்சுது.

— ஏனுங்க... தை மாசம் யோகப்பிரியா கண்ணாலம் இருக்குதுங்க.

— இன்சூரன்சுக்கும் கண்ணாலத்துக்கும் என்ன சம்மந்தம்?

— மாமங்காரன் இல்லாம புள்ளைய மணவறைக்கு யாருங்க கூட்டிட்டுப் போவாங்க? இன்னும் அவனூட்டுக்கு நீங்க போயிக் கூப்புடல. இருக்கறது இந்த ஒரு நூலு. இதையும் அத்துட்டீங்கன்னா...

— நூலு, கயிறுன்னு பேசாதே. இந்த ஊட்டுக்குப் பால் காச்சுனப்போ சீரு கொண்டாந்தானே, எத்தன மணிக்கு வந்தான்? ஒறம்பரையெல்லாம் எலைல உக்காந்த பொறகு! கேட்டா, ஆனைகட்டி ரோட்டுல யானை நின்னுச்சாம்.

— நின்னுச்சுங்க. ஆனைகட்டில இருக்கறவனுக்கு யானை வராம வேற என்னுங்க வரும்?

— ஊருக்கெல்லாம் வராத யானை!

— அவன் வர்றதுக்குள்ள உங்க பங்காளி மச்சான நிறுத்தி சீர் வாங்கிட்டீங்க. அதோட உட்டீங்களா? ‘சீரு செய்ய வக்கில்லாதவன் யானை மேல பழி போடறான்’னு சபையில சொன்னீங்க. பித்தாளை அண்டாவக் கைல வெச்சுட்டு அவன் நின்ன நெலை... இன்னும் என்ற கண்ணுல இருக்குதுங்க. காப்பியக் குடிங்க.

— ஆறிப்போச்சு. ...இரு, ஜோபி கூப்புடறான். ஹலோ! ஆமா ஜோபி, பூபதிராஜாதான், கொழிஞ்சாம்பாறை. சொல்லு... ம்... என்னது, போன வருசத்துப் பாலிசியா? அத போட்டோ புடிச்சு அனுப்போணுமா? எதுக்கு?... ஏறலியா? ஏறாம என்ன, எட்டாயிரம் பன்னெண்டு ஆயிருக்குது!... அட, நான் கைல எண்ணிக் குடுத்த காசு எனக்குத் தெரியாதா?... செரி செரி, அனுப்பறேன். வெய்யி.

— என்னுங்க சொல்றாரு?

— லூசு மாதிரி பேசறான். இந்த வண்டிக்குப் போன வருசம் எட்டாயிரத்துக்கு எந்தக் கம்பெனியும் குடுத்திருக்காது சேட்டாங்கறான். பழைய கடுதாசியக் காட்டுன்னான். வண்டில ரெக்சின் பைக்குள்ள இருக்குமல்ல?

— நீங்க உக்காருங்க. நான் போயி எடுத்துட்டு வர்றேன்.

— அடுப்புல பால் இருக்குதுன்னியே.

— பொங்குனா தொடச்சுக்கலாமுங்க...

— ஓகோ! அதையே திருப்பிச் சொல்றியா? நீ பால எறக்கு. நானே எடுத்தாறேன்.

— ஏனுங்க... ஏனுங்க, செருப்பாச்சும் போட்டுட்டுப் போங்க...

— இந்தா. அஞ்சு வருசத்துக் கடுதாசியும் பத்தரமாத்தான் இருக்குது. எல்லாம் இங்கிலீசு. இதுல எங்க போட்டிருப்பான் காச? கடைசில ‘டோட்டல்’னு... ம்? இங்க என்ன இது, மஞ்சளாட்டம்?

— சந்தனமுங்க. புதுக் கடுதாசி வந்தா சாமி முன்னால வெச்சு ஒரு பொட்டு வெச்சுத்தானுங்க உங்ககிட்டக் குடுப்பேன்.

— அது தெரியும். பக்தின்னு நெனச்சேன். ஆனா சரியா அந்த நம்பர் மேலயே வெச்சிருக்கறியே? இது முந்துன வருசத்துது... இதுலயும் அங்கியே. இதுலயும். இதுலயும்! அஞ்சுலயும் ஒரே எடம். ஏன் நர்மதா, இத்தாப் பெரிய கடுதாசில சாமிக்கு வேற எடமே கெடைக்கலியா?

— சொரண்டாதீங்க, சாமிப் பொட்டுங்க.

— நகத்துல சொரண்டுனா வருது. பன்னெண்டு... பன்னெண்டாயிரத்து முன்னூத்திப் பத்து! இது பன்னெண்டு ஏழுநூறு. இது பதிமூணு! முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறதக் கேட்டிருக்கறேன். நீ பொட்டுக்குள்ள மறைச்சிருக்கறியே!

— கோவப்படாதீங்க. சொல்றனுங்க.

— நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்கே வெளங்கீருச்சு. நான் எட்டாயிரம் குடுப்பேன், மிச்சத்த உன்ற தம்பி அவன் பாக்கெட்ல இருந்து போட்டிருக்கான். எனக்குப் பிச்சை! சபையில நான் சொன்னதுக்கு, மொகத்துல அடிக்காம வவுத்துல அடிச்சிருக்கான்.

— அப்புடியில்லீங்க...

— வேற எப்புடி? அஞ்சு வருசமா அவன் காசுலயா என்ற வண்டி ஓடுச்சு? எங்க அந்தப் போனு? அவன் நம்பரப் போடு. இருவது இருவத்திரண்டாயிரம் வரும், அத்தனையும் இன்னைக்கே அவன் மூஞ்சில எறிஞ்சுட்டுத்தான் மறு சோலி!

— அவனுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க! அவன் போடல. ஒரு ரூவா போடல.

— பின்ன யாரு போட்டது?

— நாந்தானுங்க.

— நீயா?

— சொசைட்டிக்குப் பால் ஊத்தற காசுல.

— ...உக்காரு. நின்னுட்டே சொல்லாதே. எதுக்கு நர்மதா?

— பால் காச்சு முடிஞ்ச வருசம் சிவப்பிரகாசக் கேட்டீங்க. அவரு அது வேண்டாம் இது வேண்டாம்னு பாதிய வெட்டி எட்டாயிரத்து ஐநூறுன்னாரு. ‘உன்ற தம்பி இதுக்குக் கீழ தந்தா போடறேன், இல்லீன்னா அவன் இந்த வாசப்படி மிதிக்க வேண்டியதில்ல’ன்னீங்க. நான் அந்தப்பக்கம் போயி நின்னு ரோசன பண்ணிட்டு வந்து, தம்பி எட்டாயிரத்துக்குத் தர்றானாமுங்கன்னு சொன்னேன்.

— அதுல இருந்து வருசா வருசம்...

— எட்டாயிரந்தான். ஏத்துனா நீங்க மறுபடியும் நாலு பேரக் கேப்பீங்களே.

— அடிப்பாவி. ஏஜெண்ட்டுகள்லயே நீதான் பெரிய ஏஜெண்ட்டு.

— சிரிக்காதீங்க. எனக்கு அழுகாச்சி வருது. அவன் கூப்புட்டா நீங்க போன எடுக்க மாட்டீங்க. நோம்பிக்கு நானும் போகக் கூடாது, அவனும் வரக் கூடாது. வருசத்துல ஒரு நாள், இந்தக் கடுதாசியக் குடுக்கறேன்னுதான் ஆனைகட்டில இருந்து கோயமுத்தூரச் சுத்திட்டு பைக்குல வருவான். மத்தவங்களுக்கெல்லாம் போன்லயே அனுப்பீருவான், தெரியுமா? இது ஒண்ணுதான் கைல கொண்டாருவான். மோட்டார் ரூம் பக்கத்துல நின்னு ஒரு சொம்பு மோர் குடிச்சுட்டு, ‘மாமா நல்லா இருக்காராக்கா’ன்னு கேட்டுட்டுப் போயிருவான். அந்த அரமணி நேரத்துக்கு நான் குடுத்த காசுங்க அது. எனக்கு அது பெரிசில்லீங்க.

— ...நான் தோப்புல நின்னுட்டே பாப்பேன். பைக்குச் சத்தம் போற வரைக்கும் ஊட்டுக்கு வர மாட்டேன்.

— தெரியுமுங்க. அவனுக்கும் தெரியும்.

— உன்ற போனு அடிக்குது பாரு.

— அவந்தானுங்க. பிரதீப்பு. நான் பொறகு பேசிக்கறேன்...

— எடு. ஸ்பீக்கர்ல போடு.

— வேண்டாமுங்க. உங்க காலப் புடிச்சுக்கறேன், இப்ப வேண்டாம்.

— போடுன்னா போடு. நான் வாயத் தொறக்க மாட்டேன்.

— ...ஹலோ. சொல்லு பிரதீப்பு.

— அக்கா, சாப்ட்டியா? மாமா பக்கத்துல இருக்காரா?

— இல்ல சாமி... தோப்புல.

— செரி. நாளைக்கு ராத்திரியோட பாலிசி முடியுதுக்கா. இன்னும் ஒண்ணும் சொல்லலியே நீ. சித்தூர் ஜோபி வேற இப்பத்தான் கூப்புட்டான். ‘உங்க மாமா ஊரெல்லாம் வெல கேக்கறாரு, என்ன விசயம்’னு கேட்டான். எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

— அது ஒண்ணுமில்ல, சும்மா... நான் பொறகு கூப்புடறேன், வெக்கட்டுமா?

— இருக்கா, வெச்சுராதே. அவரு எங்க வேணாலும் போட்டுக்கட்டும், நான் தப்புச் சொல்லல. காசு யாருக்கும் காசுதான். ஆனா அஞ்சு வருசமா நீ ஒரு வார்த்த சொல்லுவியல்ல?

— பிரதீப்பு, இப்ப அதெல்லாம் எதுக்கு...

— ‘வெளில கம்மியாக் கெடைக்குதுன்னு சொன்னேன், உங்க மாமா கேக்கல. எவ்வளவு எச்சானாலும் என்ற மச்சினங்கிட்டத்தான் போடோணும்னுட்டாரு’ன்னு. மோர் குடுக்கறப்போ வருசா வருசம் சொல்லுவியே. பேச மாட்டாரு, மொகத்தப் பாக்க மாட்டாரு, ஆனா மனசுக்குள்ள நான் இருக்கறேன்னு நெனச்சுட்டேன்க்கா. சபையில பட்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தைலதான் ஆறுச்சு. ரெண்டு வருசத்துக்கு முந்தியே இந்த ஏஜென்சிய உட்டுட்டுக் கடையப் பாக்கலாம்னு இருந்தேன். மாமா வண்டி ஒண்ணு இருக்குதேன்னுதான் வெச்சிருக்கறேன். அக்கா? இருக்கறியா? ...அழுகறியா?

— இல்ல சாமி.

— அக்கா, மறைக்காமச் சொல்லு. மாமா நெசமாலுமே அப்புடிச் சொன்னாரா? இல்ல, எனக்கு மனசு நோகக் கூடாதுன்னு நீயாச் சொன்னியா?

— அது... அது வந்து பிரதீப்பு...

— சொன்னேன் மாப்ளே.

— யாரு... மாமாவா?

— நாந்தான். எவ்வளவு ஆனாலும் பிரதீப்புகிட்டத்தான்னு உங்கக்காகிட்ட அஞ்சு வருசமா நாந்தான் சொல்லீட்டு இருக்கறேன். பன்னெண்டாயிரத்து அறநூத்தி நாப்பதும் இப்பவே அனுப்பறேன், இன்னைக்கே பாலிசியப் போட்டு உடு. நாளன்னைக்குக் காலைல நானும் உங்கக்காளும் தேங்கா பழத் தட்டத்தோட கண்ணாலத்துக்குக் கூப்புட உன்ற ஊட்டுக்கு வாறோம்... ரோட்டுல யானை நின்னுச்சுன்னா சித்த லேட்டாகும், கோவிச்சுக்காதே.