மேலாக நனைந்த மண்

தரையில் தண்ணீர் தெளிப்பது பெரிய வித்தை இல்லை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள், ஐயா. பரவாயில்லை.

எங்கள் முகாம் வற்றிப்போன ஏரியின் நடுவில் இருக்கிறது. பாறையைத் துளைத்து ஆய்வு செய்கிறவர்கள், ஒரு சமையற்காரர், நான். சாலை கிடையாது. அரிசியிலிருந்து டீசல் வரை ஹெலிகாப்டரில்தான் வரும். அங்கே மண் மாவு மாதிரி இருக்கும். இறங்கும்போது ஹெலிகாப்டரின் காற்றே அதைக் கிளப்பிவிடும். ஓட்டுகிறவருக்குத் தரை எது, வானம் எது என்று தெரியாது. அதனால் இறங்கும் வட்டத்தை நனைத்து, ஊறவிட்டு, மறுபடியும் நனைக்க வேண்டும். மேலிருந்து பார்க்கிறவர் மண்ணின் கறுப்பை நம்பித்தான் இறங்குவார். அந்தக் கறுப்பு என் கையில் இருந்தது.

விமானி என் அக்காவின் கணவர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அதை அவர் மறக்கவும் இல்லை, யாரையும் மறக்க விடவும் இல்லை. அவர் ரேடியோவில் பேசுவது சாப்பாட்டுக் கூடாரத்து ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்கும்.

"என்ன மச்சான், தெளிச்சாச்சா? குளிக்க ஒரு சொம்பாச்சும் மிச்சம் வெச்சியா, இல்ல நான் மூக்கப் பிடிச்சுக்கிட்டே இறங்கணுமா?"

கூடாரமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். நான் கோபக்காரன் இல்லை. சமையற்காரர் என்னைத் 'தெளிப்பு' என்றே கூப்பிட ஆரம்பித்தார். "தெளிப்பு, இன்னும் கொஞ்சம் சோறு போடவா?" அதற்கும் தட்டை நீட்டினேன்.

அன்று வட்டத்தின் மேல் லேசாக மட்டும் தெளித்தேன். நிறம் மாறியது. செருப்பு நுனியால் கீறிப் பார்த்தேன். அடியில் மாவு அப்படியே இருந்தது. குழாயைச் சுருட்டி வைத்தேன். அவர் கொஞ்சம் பயந்தால் போதும் என்று நினைத்ததாக உங்களிடம் சொல்லலாம் என்றிருந்தேன். அது பொய்.

பிறகு ரேடியோவில் அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, நான்தான்டா. உன்னப் பாக்கணும்னு அடம் பிடிச்சு ஏறிட்டேன். இவரு இனிமே உன்னக் கிண்டல் பண்ண மாட்டாராம். சத்தியம் வாங்கியிருக்கேன்."

"சத்தியமெல்லாம் இறங்கினப்புறம்தான்" என்றார் அவர். "இப்பச் சொல்லு தெளிப்பு, தளம் ரெடியா?"

அந்தப் பெயர் அவர் வரைக்கும் போயிருக்கிறது. பின்னால் சமையற்காரர் கரண்டியோடு நின்று சிரித்தார். என் காலடியில் சிவப்புக் கொடி கிடந்தது. தூக்கிக் காட்டினால் திரும்பிப் போய்விடுவார்கள்.

"ரெடி, அத்தான். நல்லா ஊறியிருக்கு" என்றேன்.

தூசி எழுந்து ஹெலிகாப்டரை மூடியது. சத்தம் மாறியது, பிறகு நின்றது. தூசி அடங்கியபோது அது ஒருக்களித்துக் கிடந்தது. அவர் ஊர்ந்து வெளியே வந்தார். அக்கா வரவில்லை.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. விபத்தை விசாரிக்க வந்த நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு அவர் உங்களிடம், "மச்சான் மேல ஒரு தப்பும் இல்ல. மண்ணு கறுத்திருந்தத நானே பாத்தேன். காத்து திரும்பினத நான்தான் கவனிக்கல" என்று சொன்னாராம். அவர் காலில் கட்டு, தலையில் கட்டு. வருகிறவர்கள் எல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். தப்பைத் தன் மேல் போட்டுக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று சமையற்காரர் மூக்கைச் சிந்துகிறார்.

அதனால்தான் நானாகவே வந்தேன். உண்மை வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். அவர் மேல் எனக்கு இப்போதும் கோபம் இல்லை. ஆனால் அங்கே நான் செய்ததிலேயே சரியாக முடிந்த வேலை அது ஒன்றுதான், ஐயா. அதையும் அவர் பெயரில் எழுதிவிடாதீர்கள்.