மூணாவது வரிசையில் மாமா

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு கரைவேட்டிகள் போனில் பேனர் டிசைன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிறுமிகளிடம் அத்துமீறுகிறவர்களுக்குத் தண்டனையைக் கூட்டிய புதுச் சட்டத்துக்கு நன்றி சொல்லும் பேனர்.

“மச்சான், மூணாவது வரிசைல நம்ம மாமா படமா? அவரு மேலயே இந்தக் கேஸ்தான நடக்குது?”

“அதான் சின்னதா போடச் சொன்னேன்.”

“தண்டன ஜாஸ்தியாயிடுச்சே, அவருக்கு பயமில்லயா?”

“அவரு கேஸு பழைய சட்டத்துலடா. புதுசு அவருக்கு வராது. தாராளமா நன்றி சொல்லலாம்.”

எட்டிப் பார்த்தேன். மாமா கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

“எங்க கட்டுறது?”

“பொண்ணுங்க ஸ்கூல் வாசல்ல.”

“கேஸ் குடுத்த பொண்ணு அங்கதான படிக்குது? பாத்துடப் போவுது.”

“அது ஸ்கூல விட்டே நின்னுடுச்சு மச்சான். பாக்காது.”