இரைச்சல் கச்சேரியின் முதல் பாதி

– அண்ணாச்சி, அந்த ஸ்குரூடிரைவரை மொதல்ல கீழ வையுங்க. ஒங்க கையில அதப் பாத்தாலே எனக்கு நெஞ்சு பதறுது.

– ஏம்டே இசக்கி, மைக்செட் கடைக்காரன் கையில ஸ்குரூடிரைவர் இல்லாம பூமாலையா இருக்கும்?

– நேத்தும் இதையே புடிச்சுக்கிட்டுதான மேடையில ஏறுனிய! என் கச்சேரி நடந்துக்கிட்டு இருக்கு. ஆளுக கண்ண மூடிக் கேட்டுக்கிட்டு இருக்காவ. நீங்க சாரத்தை மடிச்சுக் கெட்டிக்கிட்டு நடுவுல வந்து நின்னு, ‘பொதுமக்கள் மன்னிக்கணும், சிறு தடங்கல்’னு மைக்குல சொல்லுதிய!

– தடங்கல் வந்தா சொல்லணும்லா மக்கா. அம்மன் கோயில் கொடைக்குக் கெட்டுனாலும் சரி, காதுகுத்துக்குக் கெட்டுனாலும் சரி, மருதப்பன் சவுண்ட் சர்வீஸுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு.

– அது தடங்கல் இல்ல அண்ணாச்சி! அதுதான் கச்சேரி!

– ஏ அபிஷா, நீ சொல்லு பாப்பா. புளியங்குடியில இருந்து பஸ் ஏறி வந்த பிள்ள நீ. ஒனக்கு அதக் கேட்டா கச்சேரி மாதிரியா இருந்துச்சு?

– என்னைய எதுக்கு அண்ணாச்சி இழுக்கிய? நானும் இந்தக் கூட்டந்தான. வாரம் பூரா எலுமிச்சங்காய் கமிஷன் கடையில கணக்கு, ஞாயித்துக்கெழமை ஆனா இந்த அவயக் கூச்சல். இன்னைக்கு லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். எங்கம்மை, பிள்ள ஜெபக்கூட்டத்துக்குப் போறான்னு நெனச்சு சந்தோசமா இருக்கா.

– நீயும் இதையா வாசிக்க?

– எலுமிச்ச ஆசிட்னு மேடைப் பேரே உண்டு அண்ணாச்சி. கடையநல்லூர் சிஹாபுதீன், அவன் அறுப்பு மிசினை இரும்புத் தகட்டுல வச்சு ஓட்டுவான். இசக்கிக்குப் பேரு தகரக்கொதி. தென்காசி மாவட்டத்து ஹார்ஷ் நாய்ஸ்னா நாங்க மூணு பேருதான். எங்கள்ல ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தா இயக்கமே படுத்துரும்.

– சிரிக்காத அபிஷா. அண்ணாச்சி, கேளுங்க. இதுல ராகம் கெடையாது, தாளம் கெடையாது, பாட்டு கெடையாது. இரைச்சல் மட்டுந்தான். ஜப்பான்ல இதக் கேக்கதுக்குன்னே ஆளுக வரிசையில நிக்காவ.

– ஜப்பான்காரனுக்கு நல்ல செட்டு அமையலையோ என்னமோ.

– எல்லாம் நல்ல செட்டுதான்! வேணும்னே அப்பிடி வைக்காவ.

– எனக்கு ஒண்ணு வெளங்கல மக்கா. என் கொழாய் ஸ்பீக்கர்ல ‘கொய்ங்’னு ஒரு சத்தம் வந்துட்டா கொடைக்காரவுக என்னைய அடிக்க வருவாவ. ஒனக்கு அதே ‘கொய்ங்’ வந்தா கை தட்டுதாவ. அப்பம் நான் ஆயுசு பூரா எந்தச் சவத்தை உள்ள வரவிடாமக் காவல் காத்தேனோ, அதை நீ ஆரத்தி எடுத்துக் கூப்புடுத.

– கரெக்ட்! இப்பதான் பாயிண்டுக்கு வந்திருக்கிய!

– கோட்டிக்காரப் பய. தறிசெட்டுக்காரன் செல்வமணி நேத்து என்கிட்ட என்ன கேட்டான் தெரியுமா? ‘வே மருதப்பா, ஞாயித்துக்கெழமை தறிய நிப்பாட்டி எடத்தைக் குடுத்தேன். நிப்பாட்டாம இருந்திருந்தா இதவிட நல்ல கச்சேரி எங்க தறியே குடுத்திருக்குமே’ன்னான். என் மூஞ்சிய எங்கன கொண்டுபோய் வைக்க?

– அவருக்கு என்ன தெரியும்? தறி மெசின். நான் ஆர்ட்டிஸ்ட்டு. தறிக்கு வேதனை உண்டுமா?

– ஓட்டுதவனுக்கு உண்டு. சரி, அத விடு. இசக்கி, நான் ஒனக்கு ஒண்ணு சொல்லணும்டே. நேத்து நான் மேடைக்கு வந்தேம்லா, அது ஏன்னா...

– மன்னிப்பெல்லாம் கேக்காதிய அண்ணாச்சி. எனக்குக் கூச்சமா இருக்கு. நீங்க வயசுல மூத்தவுக.

– மன்னிப்பு இல்லடே, அதுல ஒரு...

– நான் சண்டை போட வரல. ஒங்ககிட்ட ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன். நேத்து மெட்ராஸ்ல இருந்து ஒருத்தர் வந்திருந்தாருல்லா? கறுப்புச் சட்டை, காதுல கடுக்கன், மொத வரிசையில சம்மணம் போட்டு இருந்தாரே?

– ஆமா, பிள்ளையார் பாட்டு போடும்போது எந்திச்சு நின்னு கும்பிட்டாரு. நல்ல மனுசன்.

– அண்ணாச்சி, அவரு கும்பிடல. கைய ஒசத்திக் காத்துல ஆட்டிக்கிட்டு இருந்தாரு. நாய்ஸுக்கு முன்னால பக்திப் பாட்டு போட்டது இசக்கியோட ஐடியான்னு நெனச்சுக்கிட்டாரு.

– அதென்ன ஐடியா பாப்பா? செட்டு கெட்டுனா மொதப் பாட்டு பிள்ளையாருக்குத்தான். சாவு வீட்டத் தவுத்து எங்கன கெட்டுனாலும் எங்கப்பா காலத்துல இருந்து அதுதான் வழக்கம். கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணம்னா மட்டும் அவுக பாட்டு போடுவேன்.

– அவரு பேரு ராஜேஷ்குமார் அண்ணாச்சி. இரைச்சலைக் கேசட்டாப் போட்டு வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புதாரு.

– கேசட்டா? இந்தக் காலத்துலயா? எங்க மச்சுல ஒரு மூட்டை கெடக்கு, தூக்கிட்டுப் போவச் சொல்லு.

– அய்யோ அண்ணாச்சி, கேளுங்க! அவரு என் கேசட்டப் போடுதேன்னு சொல்லிட்டாரு! காலையில மெசேஜ் வந்துட்டு. அபிஷா, நீ வாசிச்சுக் காட்டு. எனக்கு வாசிச்சா அழுகை வருது.

– ‘பிரிய தகரக்கொதி. நேற்று உங்கள் நிகழ்ச்சியின் முதல் பாதியைப் போன்ற ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. கலைஞன் என்ற மனிதனே அங்கே இல்லை. இரைச்சல் மட்டுமே இருந்தது. எல்லாரும் சத்தத்தில் தங்களைக் காட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் உங்களை முற்றிலும் அழித்துவிட்டீர்கள்.’

– கேட்டியளா? முற்றிலும் அழிச்சிட்டேனாம்!

– கேட்டேன் மக்கா. அழிச்சிட்டன்னா எழுதியிருக்காரு?

– இன்னும் இருக்கு அண்ணாச்சி. ‘அந்த மைக்செட்காரர் மேடையேறிய பிறகு வந்தது சாதாரணம். யாரோ ஒருவர் சில பொத்தான்களைத் திருகுவதுபோல இருந்தது. அதை வெட்டிவிடுவோம்.’

– பெறவு வந்தது சாதாரணம்னா போட்டிருக்காரு?

– ஒங்களக் கொற சொல்லல அண்ணாச்சி. ஆனா உண்மை அதான. நீங்க வந்து என்னத்தையோ தொட்டிய. அந்த நிமிசத்தோட செத்துப்போச்சு. அதுவரைக்கும் மலை சரியுத மாதிரி இருந்துச்சு. பெறவு பாத்தா, குக்கர் விசிலு. சிஹாபுதீனே மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்.

– எனக்கு ரெண்டாவதுதான்டே புடிச்சிருந்தது.

– என்னது?

– ஆமா. அதுல என்னமோ ஒரு மனுசப்பய உள்ள கெடந்து முட்டுத மாதிரி இருந்துச்சு. பாவம்னு தோணிச்சு. மொதல்ல வந்தது வெறும் எளவு சத்தம்.

– அண்ணாச்சி, ஒங்களுக்கு நல்லா இருந்துச்சுன்னா அது நல்லா இல்லன்னு அர்த்தம். கோவிச்சுக்காதிய.

– கோவம் என்னடே. ஆனா நீ கேளு, அந்த மொதப் பாதியில...

– மொதப் பாதியில என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லுதேன். இத நான் அபிஷாகிட்டகூடச் சொல்லல. நான் என் இரைச்சல் பொட்டியில பொத்தானை வலது பக்கம் திருகுதேன், சத்தம் என்னைய மதிக்கவே இல்ல. கொறைக்கேன், அது கூடுது. கைய எடுத்துட்டேன் அண்ணாச்சி, அப்பவும் ஓடுது! என் மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. இத்தன நாளும் நான் அதை ஓட்டிக்கிட்டு இருந்தேன். நேத்துதான் அது தானா வந்துச்சு.

– நடுவுல ஒரு பொம்பள வானிலை அறிக்கை வாசிச்சாளே இசக்கி, அது எங்கன இருந்து எடுத்த? குமரிக்கடல்ல காத்து வீசும்னு.

– அதான் அபிஷா எனக்கே தெரியல! நான் அப்பிடி ஒண்ணப் பதிஞ்சு வைக்கவே இல்ல. எனக்குள்ள இருந்து வந்திருக்கு.

– வானிலை அறிக்கையா?

– எது வேணும்னாலும் இருக்கலாம்லா உள்ள! சிஹாபுதீன் அந்த எடத்துலதான் அழுதான். ‘மாப்ள, படைச்சவன் ஒனக்கு வாசலைத் தொறந்துட்டான்’னு கட்டிப் புடிச்சான்.

– அவன் அழுதது வேற. அவன் கொழாய்க்குக் கீழ இருந்தான். காது வலி. ராத்திரி கராம்பு எண்ணெய் விட்டானாம்.

– நீ எல்லாத்தையும் கெடுக்கதுக்குன்னே புளியங்குடியில இருந்து வருத அபிஷா.

– மக்கா, சண்டை போடாதிய. டீ சொல்லட்டுமா? டீயக் குடிச்சிட்டு, நான் சொல்லுததை நீ பைய, பதறாமக் கேக்கணும்.

– டீக்கு நேரமில்ல அண்ணாச்சி. ராஜேஷ்குமார் லாட்ஜ காலி பண்ணிட்டு நேரா இங்கதான் வாராரு. அடுத்த ரயிலப் புடிக்கணும். போறதுக்கு முன்ன அந்த மொதப் பாதிய ஒருக்க கிட்ட இருந்து கேக்கணுமாம். கேட்டுட்டா, கேசட்டோட கொச்சியில மேடையும் உண்டு.

– இங்கயா? இப்பமா?

– இங்கதான். ஏன்னா வீட்டுல வரமாட்டக்கு. வெள்ளன எந்திச்சு வாசிச்சுப் பாத்தேன். அதே பொட்டி, அதே பொத்தான். குக்கர் விசிலுதான் வருது. எங்கம்மை அடுப்புல போய்ப் பாத்துட்டு வந்தா. பெறவுதான் தோணிச்சு: ஒங்க செட்டுல மாட்டுனாத்தான் வரும். அதுல என்னமோ இருக்கு.

– அதுல ஒண்ணும் இல்ல மக்கா. ஒண்ணுமே இல்ல.

– அடக்கமாப் பேசாதிய.

– அண்ணாச்சி, ஒங்க மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு? இசக்கி, அவரு என்னமோ சொல்ல வாராரு. ஒரு நிமிசம் வாய மூடேன்.

– சொல்லட்டும், சாயந்தரம் சொல்லட்டும். இப்பம் எனக்கு உசுரு போவுது அபிஷா! ஒனக்குத் தெரியும்லா, எங்கப்பா என்ன சொல்லியிருக்காருன்னு?

– தெரியும்.

– அண்ணாச்சிக்குத் தெரியாதுல்லா. எங்கப்பா சண்முகையா ஒரு வார்த்தைதான் சொன்னாரு. ‘ஏலே, பெத்தவன் நான் காதப் பொத்துதேன். ஒன் கூட்டாளிக சும்மா நல்லாருக்கும்பானுவ. வெளியாளு ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஒன் சத்தம் நல்லாருக்குன்னு என் முன்னால சொல்லட்டும். நீ இரி. இல்லன்னா மச்சான்கூடத் திருப்பூருக்குக் கெளம்பு’ன்னாரு. பனியன் கம்பெனியில எடம் சொல்லி வச்சாச்சு. அக்கா பைகூட அடுக்கி வச்சிட்டா.

– திருப்பூரு அவ்வளவு மோசமில்ல மக்கா. எங்க சித்தி மவன் அங்கன நல்லா இருக்கான்.

– நல்லா இருப்பான். அவனுக்கு இது இல்லல்லா. அண்ணாச்சி, நான் படிப்புல ஒண்ணும் கிழிக்கல. கிரிக்கெட்டுல சேக்கமாட்டானுவ. பாட்டுப் பாடுனா பள்ளிக்கூடத்துல சிரிச்சானுவ. இந்த இரைச்சல் ஒண்ணுதான், உள்ள போய் நின்னா நான் சரியா இருக்கேன்னு தோணும். நேத்து மொத மொதலா ஒருத்தர் அத ஒத்துக்கிட்டாரு. அந்த மெசேஜை எங்கப்பா முன்னால வாசிச்சேன். அவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரெண்டுதரம் தானா வாசிச்சாரு. ‘சரிடே’ன்னாரு. அவரு என்னையப் பாத்து ‘சரிடே’ன்னு சொன்னதே இல்ல.

– அடப்பாவி மக்கா. ஒங்கப்பாகிட்ட வேற வாசிச்சிட்டியா?

– வாசிச்சேன். நாளைக்குத் திருப்பூரு பஸ்ஸு வேண்டாம்னு மச்சானுக்குப் போன் போட்டுட்டாரு.

– அண்ணாச்சி, நீங்க ஏன் ஸ்டூல்ல உக்காந்துட்டிய? தண்ணி வேணுமா?

– வேண்டாம் பாப்பா. நான் இத்தன கல்யாணத்துக்குக் கெட்டுனவன். ஒரு தாலி கெட்டுக்கு நடுவுல என் செட்டு நின்னதில்ல. நேத்து பிள்ளையார் பாட்டு முடிஞ்ச பெறவு டீ வந்துச்சு. அந்த டீதான் காரணம். டீயக் கையில வாங்கிட்டு...

– அந்தா ஆட்டோ!

– எங்க?

– அந்தா, கறுப்புச் சட்டை. பையத் தோள்ல போட்டுட்டு எறங்குதாரு. ஏ இசக்கி, ஒங்கப்பாவும் கூட வாராரு!

– எங்கப்பாவா?

– ஆமா, ராஜேஷ்குமாருக்கு வழி சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்காரு போல. சட்டையெல்லாம் தேச்சுப் போட்டிருக்காரு. காதுல பஞ்சு வைக்கல.

– அய்யோ. அபிஷா, நாக்காலி எடுத்துப் போடு. அண்ணாச்சி, எந்திங்க, எந்திங்க! சீக்கிரம்! இது என் வாழ்க்கை அண்ணாச்சி. நேத்து மொதப் பாதியில செட்டை எப்பிடி மாட்டியிருந்தியளோ, அப்பிடியே மாட்டுங்க. அதுல ஒண்ணுகூட மாறக் கூடாது!

– அப்பிடியே மாட்டணும்னா ஒன் பொட்டி வயரைக் கழத்தித் தரையில போடணும் மக்கா, அப்பம் செட்டு தானா எரைஞ்சு ரேடியோவையும் சேத்து இழுக்கும். நேத்து அதைச் சொருகாம விட்டுட்டேன்னு பாத்துட்டுத்தானே நான் மேடைக்கு ஓடியாந்து சொருகுனேன்.