தோட்டத்துல ஆடு எது?

…கறி ஆடு இல்லம்மா. இந்த ஒரு விஷயத்துல ஓம்ஸ்க் நகரம் மொத்தமும் தப்புப் பண்ணிக்கிட்டிருக்கு. ஓம்ஸ்க் என்ன, யுரால் மலைக்கு இந்தப் பக்கம் சைபீரியா பூராவும். 'தோட்டத்துல ஆடு'ன்னு ஒரு சாலட்டுக்குப் பேர் இருந்தா, நடுவுல பொரிச்ச கறி இருக்கறதப் பாத்துட்டு, ஓகோ, இதான் ஆடுன்னு முடிவு கட்டிடறாங்க. நீயும் கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டே மேசையப் பாத்து அதையேதான் சொன்ன. அது மாட்டுக்கறி! மாடு எப்பிடி ஆடாகும்?

உள்ள வா மொதல்ல. வாசப்படிக்குக் குறுக்க எதையும் கை மாத்தக் கூடாது, வீட்டுக்கு ஆகாது. அந்த நீலச் செருப்பப் போட்டுக்க, அது விருந்தாளிக்கு. காய் துருவி கேட்டுத்தானே வந்த? தர்றேன், தர்றேன். எதுத்த வீட்டுக்கு இப்பத்தான் குடி வந்த, அதுக்குள்ள புது வருஷ விருந்தா? நல்லது. உக்காரு. ஐயோ, அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். சே, இந்த வார்த்தை வாயில வரவே கூடாதுன்னு பாக்கறேன்…

பின்ன எது ஆடுன்னு கேக்கறியா? சொல்றேன். அதச் சொல்லப்போய்த்தான் என் பொண்ணு வீட்ட விட்டுப் போயிட்டா. ஸ்லாதா. ஒரே பொண்ணு. ஞாயித்துக்கெழம சம்பந்தி ஆகப்போறவங்க மொத மொதலா சாப்பிட வந்தாங்க. வந்தவங்க பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்க. இவளும் கோட்ட மாட்டிக்கிட்டு அவங்க பின்னாடியே போயிட்டா. இன்னி வரைக்கும் ஒரு போன் கெடையாது. கல்யாணம் உண்டா இல்லையான்னே தெரியல. ஒரு சாலட்டுக்காக! நீயே சொல்லு, உலகத்துல எங்கயாவது…

நீ அந்த பீட்ரூட்டப் பாரு. பக்கத்துலயே முட்டைகோஸ் இருக்கு, ஒரு சொட்டு செவப்பு ஏறியிருக்கா? ஏறாது. துருவினதும் அலசி, துணியில போட்டுப் புழிஞ்சு ஈரத்த எடுத்துடணும். கேரட், வெள்ளரிக்கா, பட்டாணி, எல்லாம் பாத்தி கட்டினாப்புல தனித்தனியா நிக்கணும். உருளைக்கெழங்கு நெருப்புக்குச்சி கனத்துல நறுக்கிப் பொரிச்சு, கடைசியாத்தான் வைக்கணும், இல்லேன்னா தொவண்டு போகும். கறிய நாருக்குக் குறுக்க வெட்டணும். நெறைய பேரு நார் போற போக்குலயே வெட்டிட்டு, அப்புறம் மாட்டக் கொற சொல்றாங்க. நான் பத்திரிகை ஆபீஸ்ல பிழை திருத்தறவளா இருந்து ஓய்வு வாங்கினவ. ஒரு எழுத்து நகந்திருந்தாலும் எனக்குக் கண்ணு உறுத்தும். காய் நகந்தா உறுத்தாதா?

எதுக்குச் சொல்றேன்னா, தப்பு இந்தத் தட்டுல இல்ல. தட்டுல ஒரு கொறையும் இல்ல. பேருதான் வெனை.

மாப்பிள்ளை பையன் க்ளேப். தங்கமான பையன், கமா மட்டும் போடத் தெரியாது. அவனோட அப்பா பேரு நிகானோர் யெகோரொவிச்… கஸ்லோவ். சிரிக்காத. கஸ்யோல்னா ஆடு. ஆட்டுலேருந்துதான் கஸ்லோவ்ங்கற பேரே வருது. பேரு அவரு கேட்டு வாங்கினதா? ஆனா நம்ம ஊர்ல பஸ்ல கால மிதிச்சவன 'டேய் ஆடு'ன்னு ஒரு வார்த்த சொல்லிப் பாரு, அடுத்த நிறுத்தத்துல எறங்கிச் சட்டையப் பிடிப்பான். அதனால ஸ்லாதா என்னப் பிடிச்சுக்கிட்டா. "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அதுக்குப் பேரு 'வானவில்'. உன் கால்ல விழறேன், ஒரு நாள்." எனக்கு மனசே ஒப்பல. வானவில்லுல எங்க கறி இருக்கு? இருந்தாலும் பெத்த பொண்ணு. சரின்னேன்.

சொன்ன சொல்லக் காப்பாத்தவும் செஞ்சேன். அவங்க வந்தாங்க. அவரு தானே காட்டுக்குப் போயிப் பொறுக்கி உப்புல போட்ட காளான் ஒரு ஜாடி கொண்டாந்தாரு. நல்ல மனுஷன், மண்வெட்டி மாதிரி கை. நடுவுல அவரு பையில போன் அடிச்சுது. "யாரோ ஸ்வோனித்"துன்னாரு, போன் பண்றாங்கன்னு அர்த்தம். ஸ்வோனித்! நீயாவது சரியாச் சொல்லுவ இல்ல? ஸ்வனீத். அழுத்தம் ரெண்டாவது அசையில. பள்ளிக்கூடத்துல அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுக்கறாங்க, இருந்தும் பாதி நாடு தப்பாச் சொல்லுது. ஸ்லாதா மேசைக்கு அடியில என் கால மிதிச்சா. நான் வாயத் தொறந்தேனா? தொறக்கல. முழுங்கிட்டேன். இதெல்லாம் யாரு நெனச்சுப் பாக்கறா?

அப்புறம் சாலட் வந்துது. இத அடுக்களையில கலக்கக் கூடாது, தெரியுமில்ல? மேசைக்கு நடுவுல அப்பிடியே வச்சு, எல்லாரும் ஆஹான்னதுக்கு அப்புறம், பெரிய விருந்தாளி கையில ரெண்டு கரண்டியக் குடுத்துக் கலக்கச் சொல்லணும். அதான் மரியாத. நான்தான் குடுத்தேன். மனுஷன் எந்திரிச்சு நின்னு, சட்டைக் கைய மடிச்சுக்கிட்டு, பீட்ரூட்லேருந்து ஆரம்பிச்சாரு.

கலக்கிக்கிட்டே அவராத்தான் சொன்னாரு, நான் சொல்லல. "வானவில்லாவது ஒண்ணாவது! எங்க வீட்டுல இதுக்குப் பேரு தோட்டத்துல ஆடு. இந்தா, நம்ம சொந்தக்காரன் நடுவுல உக்காந்திருக்கான் பாருங்க"ன்னு கறியக் கரண்டியால தொட்டுக் காட்டினாரு. எல்லாரும் சிரிச்சாங்க. க்ளேப் சிரிச்சான். ஸ்லாதா மூச்சு விட்டா. அவரே சொல்லிட்டாரு பாரு, அதோட முடிஞ்சுது இல்ல?

ஆனா தப்பாச் சொல்லிட்டாரேம்மா.

ஒரு பேச்சு தப்பா ஓடிட்டிருக்கறப்ப நான் எப்பிடிச் சும்மா இருப்பேன்? "மன்னிக்கணும் நிகானோர் யெகோரொவிச், கறி ஆடு இல்ல"ன்னேன். "தோட்டம் பாத்தி பாத்தியா ஒழுங்கா இருக்கு. அதுக்குள்ள யாரு பூந்து, எல்லாத்தையும் மிதிச்சுக் கலக்கி, எது எதுன்னு தெரியாமப் பண்றதோ, அதான் ஆடு. அதாவது கரண்டி யாரு கையில இருக்கோ அவங்க."

ஸ்லாதா என் கால மிதிச்சுக்கிட்டேதான் இருந்தா. ஆனா விளக்கத்தப் பாதியில விட்டா அர்த்தம் மாறிடும்.

அவரு கரண்டியப் பாத்தாரு. ரெண்டையும் தட்டுக்கு ரெண்டு பக்கமும் வச்சாரு. அப்புறம் கோட்டு எங்கன்னு கேட்டாரு.

விளக்கம் சரிதானேம்மா? அதுல ஒரு எழுத்து மாத்த முடியுமா?

இன்னிக்கு மறுபடி பண்ணி வச்சிருக்கேன். ராத்திரி எல்லாரும் இங்கதான்னு முன்னயே பேச்சு. வருவாங்களான்னு தெரியல… மேசையில தட்டு எத்தன வைக்கறதுன்னு கூட… இரு, இரு! போன்! நீ உக்காரு, போயிடாத!

ஹலோ… நான்தான்… நிகானோர் யெகோரொவிச்! இல்ல, இல்ல, நான்தான் மன்னிப்புக் கேக்கணும்… என் நாக்கு அப்பிடி… நெசமாவா? எல்லாருமா? வாங்க, வாங்க, உங்க காளான இன்னும் தொடக்கூட இல்ல… சாலட்டா? ரெடியா இருக்கு. வானவில். வானவில்தான்… ஸ்லாதா பக்கத்துலதான் இருக்காளா? அழறாளா? அழ வேண்டாம்னு சொல்லுங்க… என்ன சொன்னீங்க? இல்ல, கடைசியா… அவளே எனக்கு என்ன பண்ணுவான்னீங்க?

அது ஸ்வோனித் இல்லிங்க. ஸ்வனீத். அழுத்தம் ரெண்டாவது அசையில. சும்மா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டுமேன்னு…

ஹலோ?

வச்சுட்டாரு.

ஏம்மா, நீயே சொல்லு, ரெண்டாவது அசைதானே? ஏம்மா…?

நீலச் செருப்பு கதவோரம் ஜோடியா இருக்கு. துருவிய எடுக்காமயே போயிட்டா.