கைப்பிடியில் தொங்கிய எர்த் ராடு

கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் லேப் கட்டக் கூடாது என்பது என் கருத்து, மேடம். உப்புக் காற்றில் ஸ்க்ரூ துருப்பிடிக்கும், சாலிடர் பூத்துப்போகும், ஏசி இருமத் தொடங்கிவிடும். மாமல்லபுரம் பக்கம் எங்கள் கல்லூரியைக் கட்டியவர்கள் இதையெல்லாம் யோசிக்கவில்லை. விளம்பரப் படத்தில் கடல் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டதற்கு நான் ஏன் ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன் என்று கேட்டீர்கள். கல்லூரி விசாரணைக் குழு சொல்லியிருப்பதில் ஒரு தவறு இருக்கிறது. எனக்குத் தவறு என்றால் ஆகாது.

எங்கள் லேபில் செய்வது சின்னச் செயற்கைக்கோள்களுக்கான பிளாஸ்மா உந்தி. ஒரு டெஃப்லான் கட்டி, அதன் இரு பக்கமும் எலெக்ட்ரோடு. கெப்பாசிட்டரில் மின்சாரத்தைத் தேக்கி ஒரு பொறி கொடுத்தால் டெஃப்லானின் மேல்தோல் ஆவியாகி, பிளாஸ்மாவாகிப் பின்னால் பாயும். செயற்கைக்கோள் முன்னால் நகரும். அந்தத் தள்ளல் ஒரு கொசு உட்காரும் அளவுக்குத்தான் இருக்கும். அதை உண்டாக்கும் கெப்பாசிட்டரோ ஓர் ஆளைக் கொன்றுவிடும். இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் பிடிக்கும்.

சப்ளையை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். அதைத் தானாக வடிக்க ஒரு ரெசிஸ்டர் இருந்தது. அதன் கால்களை உப்புக் காற்று தின்றுவிட்டது. புதிது கேட்டேன். பாதுகாப்பு வாரத்துக்கு பேனர் வந்தது, ரெசிஸ்டர் வரவில்லை.

அதனால் எர்த் ராடுதான் கதி. பிவிசி குழாய், முனையில் செம்புக் கொக்கி, கொக்கியிலிருந்து தரைக்கு ஒரு வயர். சப்ளையை அணைத்தவர் கொக்கியால் கெப்பாசிட்டரைத் தொட்டு மின்சாரத்தை வடிக்க வேண்டும். அதை நாங்கள் ‘அடிக்கிறது’ என்போம். அடித்துவிட்டு ராடை, உந்தியை உள்ளே வைத்துச் சோதிக்கும் வெற்றிட சேம்பரின் கதவுக் கைப்பிடியில் மாட்ட வேண்டும். கைப்பிடியில் ராடு தொங்கினால் உள்ளே கை வைக்கலாம். யாரும் யாரையும் கேட்பதில்லை.

நான் அந்த லேபின் பாதுகாப்புப் பொறுப்பாளர். வேறு யாரும் வேண்டாம் என்று ஒதுங்கியதால் பேராசிரியர் உலகநாதன் என் தலையில் கட்டிய பதவி. கை வைக்கிறவர் தானும் ஒருமுறை அடிக்க வேண்டும் என்று புது விதி எழுதி, மண்டையோடு வரைந்து, ‘உயிர் போகும்’ என்று கீழே எழுதி ஒட்டினேன். லேபில் எங்களோடு படிக்கும் ஃபைஸா மட்டும் அதன்படி நடந்தாள். என் வகுப்புத் தோழன் மோசஸ் மண்டையோட்டுக்கு மீசை வைத்தான்.

“இன்னா ஜோஷ்வா, நோட்டீஸா ஒட்டிக்கினு கீற? அதான் ராடு தொங்குதே. ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு தபா தாலி கட்டுவாங்களா?”

லேபே சிரித்தது. உலகநாதன் சாரும் சிரித்தார். டிபார்ட்மென்ட் விழாவில் மோசஸ் என்னைப் போல நடித்துக் காட்டினான். நன்றாகத்தான் செய்தான். நான் கைதட்டினேன்.

அவனைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல எதுவும் இல்லை. அணுபுரம் குவார்ட்டர்ஸ் வீடுகளில் சமைக்கிற அவன் அம்மா சந்திரம்மா, எனக்கு வெண்டைக்காய் ஆகாது என்று தெரிந்து எனக்குத் தனி டப்பாவில் வேறு பொரியல் அனுப்புவார்.

உந்தி அடிக்கடி பொறி விடாமல் நின்றுபோகும். ஏன் என்று கண்டுபிடித்தது நான். குறைந்த சக்தியில் சுட்டால் டெஃப்லான் கரியாகத் திரும்பி வந்து, பொறி கொடுக்கும் பிளக்கின் முகத்தில் ஒட்டுகிறது. பஸ்ஸில் வரும்போது மோசஸிடம் சொன்னேன். ரிவ்யூவில் அவன் அதை எடுத்துச் சொன்னான். “நம்ம ஜோஷ்வா கண்டுபுடிச்சது” என்று ஆரம்பித்துத்தான் சொன்னான். ஆனாலும் சிரித்துக்கொண்டே சொன்னதால் அது அவனுடையதாகிவிட்டது.

பிறகு உந்திக்குச் செயற்கைக்கோளில் இடம் கிடைத்தது. பொருத்துவதற்குக் கூடவே போக ஓர் ஆள் வேண்டும். ஒரே ஓர் ஆள். மோசஸ் என்றார் உலகநாதன் சார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீயும் பூட்டா இங்க சேஃப்டிய யாருப்பா பாக்கறது?”

இது காரணம் இல்லை, மேடம். எழுதிக்கொள்ள வேண்டாம்.

கோபம் இருந்தது, மறுக்கவில்லை. கருங்குழியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து நான் காப்பாற்றிய உயிர்கள் எல்லாம், தாங்களாகவே உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போவதைப் பார்த்தால் உங்களுக்கும் வரும். விதி எதற்கு என்று ஒருமுறையாவது அவர்களுக்குத் தெரிய வேண்டும். பேனரில் போட்டால் புரிகிற கூட்டம் இல்லை அது.

செவ்வாய்க்கிழமை மதியம் ஃபைஸாவை ஸ்பிரிட் வாங்கப் புதுப்பட்டினத்துக்கு அனுப்பினேன். அவள் இருந்தால் தானே ராடை எடுத்து அடித்துவிடுவாள். பாடம் கெட்டுவிடும். மோசஸ் கரி படிந்த பிளக்கைத் துடைக்க வேண்டியிருந்தது. சப்ளையை நான் அணைத்தேன். ராடைக் கெப்பாசிட்டரில் வைக்காமல் கைப்பிடியில் மாட்டினேன். சேம்பருக்குள் காற்றை விட்டேன். அவன் கதவைத் திறந்து ஒரு கையை விளிம்பில் ஊன்றி, மறு கையை உள்ளே விட்டான்.

சத்தம் அதிகமில்லை.

நான் பதறவில்லை. ராடை எடுத்து முறைப்படி அடித்தேன். திரும்பக் கைப்பிடியில் மாட்டினேன். அதன் பிறகுதான் அவனைத் தொட்டேன். அதுதான் சரியான வரிசை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் சந்திரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ சொல்லிகினே இருந்தியாமே கண்ணு. அவன் காதுல வாங்கலியாமே.”

ஆமாம் என்றேன்.

நேற்று குழு தன் முடிவைச் சொன்னது. மாணவர் விதியை மதிக்காமல், அலட்சியமாக, யாரையும் கேட்காமல் கை வைத்தார் என்று. செத்தவன் தலையில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ரெசிஸ்டர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு ராத்திரி முழுக்க உடம்பெல்லாம் எரிந்தது. விசாரிக்க உட்கார்ந்த ஆறு பேரில் ஒருவருக்குக்கூட ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை. இதைத் திருத்திவிட்டால் நான் கிளம்பிவிடுவேன். உந்தியோடு இப்போது என்னைத்தான் அனுப்புகிறார்கள், வெள்ளிக்கிழமை. அதுவும் காரணம் இல்லை.

நடந்தது இதுதான். கதவைத் திறக்குமுன் மோசஸ் கைப்பிடியிலிருந்து ராடை எடுத்தான். அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

“உந்தியோட கெளம்பறதுக்குள்ள உன் ரூலை ஒரு தபாவாச்சும் பண்ணிட்றேன்டா. நானும் அடிச்சிடட்டா?”

“நான் அடிச்சிட்டேன் மச்சான். கைய வை.”

“நெசமா?”

“உன் மேல சத்தியமா.”

சிரித்துக்கொண்டே ராடைத் திரும்ப மாட்டினான்.

ஆகவே அலட்சியம் என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள், மேடம். அவன் கேட்டான். அதற்குப் பிறகும் தானாக ஒருமுறை அடிக்காமல் என் பேச்சை நம்பினான் பாருங்கள், அன்றைக்கு அந்த லேபில் நடந்த விதிமீறல் அது ஒன்றுதான்.