நாலாவது பெயர்

அதிகாலை மூன்றேகால் மணி. ஸ்ரீரங்கம் மேலூர் ரோடு. விளக்கு ஒன்றுவிட்டு ஒன்று எரிகிறது. ஆள் நடமாட்டமே இல்லை. ஒரே ஒரு ஸ்கூட்டி... பையில் ஒரு டேப்லெட். ஆற்றுப் பக்கமிருந்து ஈர மண் வாசனை...

இப்படித்தான் ஆரம்பித்தேன். சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, இரண்டாவது மாடியில் எங்கள் மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பு. கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வெளியே மழை. நவநீதனின் செல்போன் வெளிச்சத்தைச் சுற்றி ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொரு பேய்க் கதை. என் முறை.

"யாருக்கு நடந்தது?" என்றாள் மஹ்ஜபீன்.

"என் சிநேகிதியோட அண்ணனுக்கு."

போன வருடம் ஆடி அமாவாசை. அம்மா மண்டபத்துக் காவிரிப் படித்துறை முழுக்கத் தர்ப்பணம். அங்கே தர்ப்பணம் செய்துவைக்கும் வரதன் வாத்தியாருக்காக அந்த அண்ணன் ஒரு செயலி எழுதியிருந்தார். வருகிறவர்கள் முன்னோர் பெயர்களைப் போனிலேயே பதிவு செய்துவிடலாம். வாத்தியார் டேப்லெட்டைத் தொட்டால் 'டொக்' என்று ஒரு பெயர் வரும். வாசிப்பார். அவர்கள் திருப்பிச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். அப்பா வழியில் மூன்று, அம்மா வழியில் மூன்று, மொத்தம் ஆறு பெயர்.

டேப்லெட் பழசு. முந்தின நாள் வாத்தியார் அலுத்துக்கொண்டார். "பேர் வர்றதுக்குள்ள தர்ப்பையே காஞ்சுபோயிடறது. நாளைக்குக் கூட்டம் என்னைத் தூக்கி ஆத்துல போட்டுடும்."

செயலியை எழுதிய கம்ப்யூட்டர் மொழியில் ஒரு காவல் உண்டு. ஒருவர் மூன்று பெயர்தான் கொடுத்திருக்கிறார் என்றால் நாலாவதை எடுக்க விடாது. அதற்கு அப்பால் நினைவகத்தில் கிடப்பது அவருடையது அல்ல, எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் இப்படி எண்ணிப் பார்க்க நேரம் பிடிக்குமே... 'பொறுப்பு என்னுடையது' என்பதுபோல ஒரு வரி எழுதிக் கொடுத்தால் காவல் விலகிக்கொள்ளும்.

"அந்தக் காவலை எடுத்துட்டேன்," என்றேன்.

"யாரு? அண்ணனா, நீயா?" நவநீதன் சிரித்தான். "விடுற கதையில ஆளை மாத்தாதம்மா."

வெளிச்சம் என் முகத்தில் படவில்லை. அதன்பின் நான் அண்ணன் என்று சொல்லவில்லை.

அதே இரவு, செயலியின் பின்னணியில் இருந்த பெரிய பெருமாள் படத்தையும் நீக்கினேன். வேகம் வந்துவிட்டது. ஆறு பெயர் கொடுத்த இரண்டு குடும்பங்களை வைத்துப் பார்த்தேன். மூன்று பெயர் கொடுத்தவரை வைத்துப் பார்க்கவில்லை. டைரியில் 'சோதனை முடிந்தது' என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

விடியற்காலை. ஸ்கூட்டியில் போய் டேப்லெட்டை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு, படித்துறையில் அவர் பக்கத்திலேயே நின்றேன். பதினோராவது ஆள் கலையரசன். பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை. மூன்று பெயர்தான் கொடுத்திருந்தார்.

டொக். அப்பா. டொக். தாத்தா. டொக். அவருடைய அப்பா. டொக்...

"இளவேனில்," என்று வாசித்தார் வாத்தியார்.

அந்த ஓட்டத்தில் கலையரசனும் திருப்பிச் சொன்னார். விரலிடுக்கில் எள்ளுத் தண்ணீர் இறங்கியது. அப்புறம்தான் கை நின்றது.

"இந்தப் பேரை... உங்களுக்கு யாருங்க சொன்னது?"

மேல்படியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். ஏழு மாதம். பெண் பிறந்தால் வைக்க இருவரும் பேசி வைத்திருந்த பெயர் அது. வேறு யாரிடமும் சொல்லவில்லை. எங்கும் எழுதவுமில்லை.

"பொறக்காத புள்ளைக்கு எள்ளு விட வெச்சிட்டீங்களே!" கலையரசன் கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்கு வாத்தியாரை ஏசினார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "என் கண்ணுதாம்மா. வயசாயிடுத்து, எதையோ எப்படியோ வாசிச்சுட்டேன்," என்றார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் படித்துறைக்கு வரவேயில்லை.

பதிவுகள் அத்தனையையும் தேடினேன். ஆயிரத்துச் சொச்சம் பெயர்கள். இளவேனில் ஒன்றுகூட இல்லை. நினைவகத்தில் யாராவது எழுதியதுதான் கிடக்கும். யாருமே எழுதாதது எப்படி...? இன்னொன்றையும் அளந்து பார்த்தேன். வேகம் வந்தது அந்தப் படத்தை நீக்கியதால். காவலை எடுத்ததில் மிச்சமானது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை.

"குழந்தை?" மஹ்ஜபீன் என் கையைப் பிடித்திருந்தாள்.

"ஐப்பசியில பொறந்துச்சு. பொண்ணு. நல்லா இருக்கு. பயந்துக்கிட்டு சுபஸ்ரீன்னு வெச்சுட்டாங்க."

"அப்பாடா," என்றான் நவநீதன். "அப்ப பேய் எங்க இருக்கு இதுல?"

நேற்று அமாவாசை. விடியற்காலை நாலு மணிக்குக் கலையரசன் போன் செய்தார். செயலியில் இருந்தது என் நம்பர்தான்.

"தங்கச்சி, தப்பா நெனைச்சுக்காத இந்நேரத்துல கூப்பிடுறேன்னு. அந்த வாத்தியார் எங்க இருக்காரு, தெரியுமா? அன்னிக்கு என்னென்னவோ பேசிட்டேன். கால்ல விழுந்தாவது கேக்கணும்... பாப்பா எல்லா அமாவாசையும் இந்த நேரத்துக்குத் தானா எந்திரிச்சு உக்காருது. யாரோ கூப்பிட்டாப்ல ஜன்னலைப் பாத்து 'ம்'ங்குது. கொஞ்சம் விட்டு இன்னொரு 'ம்'."

வாத்தியார் வீடு மேலூர் ரோட்டில். எனக்குத் தெரியும். இருவரும் சந்தித்துப் பேசினால் என் வேலை வெளியே வந்துவிடும்.

"தெரியாதுங்கண்ணா," என்றேன்.

அவர் இன்னும் போனை வைக்கவில்லை. என் மேசை இழுப்பறையில் அந்த டேப்லெட் கிடக்கிறது. ஒரு வருடத்துக்கு மேலாக அதற்கு நான் சார்ஜ் போடவில்லை. உள்ளேயிருந்து...

டொக்.

போனில், குழந்தை "ம்" என்றது.