றெபேக்கா கடித்த நூல்

நெருங்கி உட்காருங்கள். ஒரு கொடுமைக்கு உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். என் தோழி இமெல்டாவின் தமக்கை வீட்டில் நடந்தது.

இரண்டாயிரத்து நான்கு, தை மாதம். மாலை நாலரை மணி, அதற்குள் இருட்டு. நாங்கள் குடிபெயர்ந்த பனிநாட்டில், ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்தை அடுத்த தெருவில் ஆளரவமில்லை... பனியை நொறுக்கும் ஒரு சோடிச் சப்பாத்தின் ஒலி மட்டும். தமக்கை அக்னெஸ், இறந்த மகளுக்காகத் தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு நிலக்கீழ் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

மகள் றெபேக்கா. ஆறு வயது. தாய் கூலிக்கு வீட்டிலேயே தைத்த மேலங்கிகளில் எஞ்சிய நூல்களை அறுப்பது அவள் வேலை. இருந்தது ஒரே கத்தரிக்கோல். அது தாயின் கையில். பிள்ளை பல்லால் கடித்தாள். காய்ச்சலிலும் கடித்தாள், திங்கட்கிழமை முதலாளியின் வண்டி மூட்டையெடுக்க வந்துவிடும். ஞாயிறு மதியம் மூச்சு நின்றது. நிலம் உறைந்து கிடந்ததால், வசந்தத்தில் புதைப்பதாகச் சொல்லி மயான மண்டபத்தில் பெட்டியை அடுக்கினார்கள்.

அக்னெஸ் கதவில் சாவியை நுழைத்தாள். உள்ளே... நறுக். நறுக். திறந்தாள். ஒலி நின்றது. மெசின் எண்ணெய் வாடைக்குள் விக்ஸ் வாடை. காலையில் கட்டிவைத்த மூட்டை அவிழ்ந்திருந்தது. நாற்பது மேலங்கிகள். நூல்முனைகள் யாவும் கடிபட்டு... ஈரமாக.

"பேயும் வேலைக்குப் போகுதோ அண்ணை?" என்று சிரிக்கிறான், இங்கே கதை கேட்டுக்கொண்டிருக்கும் நம் டனிஸ்ரன்.

"போகேல்லையடா. வீட்டிலையிருந்தே செய்தது," என்கிறேன்.

உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்த கணவன் அருமைராசா மூட்டையைப் பார்த்தான். வெளியே எறியத் தூக்கினான்.

"இனி வேலை வேண்டாமெண்டு முதலாளியிட்டைச் சொல்லும். செத்தும் எங்களுக்கு உழைக்குது பிள்ளை."

"வேலை இல்லையெண்டால் அவள் வரமாட்டாளப்பா."

மறுநாள் அவளே முதலாளிக்குத் தொலைபேசினாள். இரண்டு மூட்டை கேட்டாள். முதலாளி மகிழ்ந்தார்.

அக்னெஸ் உள்ளே இருந்தால் ஒலி வராது. ஆகவே மாலைதோறும் வெளியே, பனியில் நின்று, கதவில் காதை வைத்திருந்தாள். நறுக்... பிறகு ஒரு சின்ன இருமல். தொடமுடியாத மகளுக்கு அவளால் கொடுக்க முடிந்தது வேலை ஒன்றுதான்.

சித்திரையில் மண் இளகியது. புதைத்தார்கள். அன்றும் மூட்டை அவிழ்ந்திருந்தது. அடியில் ஒரு பாற்பல். வேரில் இரத்தம் காயவில்லை.

உங்கள் தெருவிலும் நிலக்கீழ் வீடுகள் உண்டு. எழுந்து போங்கள், கதவுகளைத் தட்டுங்கள். உயிரோடிருக்கும் பிள்ளையின் வாயிலிருந்து அந்த நூலைப் பிடுங்கி எடுங்கள்.